கூசாமல் பேச வேண்டிய நோய்கள்



வடநாட்டு இரயில் பாதைகளின் இருமருங்கிலும் உள்ள சுவர்களைப் பார்த்தவாறு பயணம் செய்த தமிழர்கள், 'குப்த ரோக்' என்னும் இரண்டு சொற்களைப் பெரிய எழுத்துகளில் பலமுறை கண்டிருப்பார்கள். இந்தியை அப்பொழுதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களும் இச்சொற்களை விரைவில் அறிந்துகொள்வார்கள். மறைவான நோய் என்பது அவற்றின் பொருள். சுவரில் கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்யத் தக்கதாகவும், வீட்டில் வாய்விட்டுச் சொல்லத் தகாததாகவும் கருதப்படுகிற இந்நோய்களைப் பற்றித்தான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் இவற்றை மேகநோய் என்றும், வெட்டை என்றும், கிரந்தி என்றும் சொல்வதுண்டு. மருத்துவர்கள் பால்வினை நோய்கள் என்கிறார்கள். பெரும்பாலும் உடலுறவின் வாயிலாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவன ஆதலால் இப்பெயர்.

இப்பொருளை அயல் மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கென்று தனியே பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். நோய்க்கிருமி மொழி பார்த்துத் தொற்றுவதில்லை. மாநில எல்லையும் அதற்குக் கிடையாது. ஆயினும், நோயுற்றவர் மருத்துவரிடம் போய்ச் சேரும் வழியில் மொழியும் இடமும் பெரிதும் குறுக்கிடுகின்றன. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு புறப்பட்டு, மாதக்கணக்கில் ஊர் ஊராகச் செல்லும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நாமக்கல் லாரிகளில் நாட்டின் நாற்றிசைக்கும் சரக்கு ஏற்றிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் தனியே வந்து, ஓர் அறையில் நால்வர் ஐவராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மும்பையின் தாராவியிலும், தில்லியின் கரோல்பாகிலும், பெங்களூரிலும் குடும்பத்தோடு வேரூன்றிவிட்டவர்களும் இருக்கிறார்கள். சொந்த ஊரில் இருந்தால் தெரிந்த மருத்துவர் ஒருவர் இருப்பார். மனம் விட்டுப் பேசத் தமக்கையோ அத்தையோ இருப்பார்கள். புதிய ஊரிலோ வைத்தியசாலைக்கு வழி தெரியாது. வழி தெரிந்தாலும் உடம்பின் குறையைச் சொல்லச் சொல் தெரியாது. இந்தச் சங்கடத்தினாலேயே பலர் வாளாவிருந்துவிடுகிறார்கள். அவர்களை எண்ணியே இவ்வுரை. இதனால் நம்மவர்களின் ஒழுக்கத்தை நாம் ஐயுறுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. ஒழுக்கத்தில் சிறிதும் வழுவாத பெண்ணுக்குக் கணவனிடமிருந்து இந்நோய் வருகிறது. ஒன்றும் அறியாத சிசுவுக்குத் தாயிடமிருந்து வருகிறது. ஆதலால் இதனைக் குற்றம் என்று பாராமல், நோய் என்று பார்ப்பதே முறை.

முதலில் நோய்களின் இயல்பை அறிவோம். பால்வினை நோய்கள் பல. அவற்றுள் எட்டு, உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுகின்றன. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனியாசிஸ் என்னும் நான்கும் மருந்தினால் முற்றும் குணமாகக் கூடியவை. ஹெபடைட்டிஸ் பி, ஹெர்பிஸ், எச்.ஐ.வி., எச்.பி.வி. என்னும் மற்ற நான்கும் வைரஸ் என்னும் நுண்ணிய கிருமிகளால் வருபவை. இவற்றுள் சில தாமாகவே உடலை விட்டு நீங்குவதுண்டு. நீங்காதவற்றை மருந்தினால் அடக்கி வைக்கலாம். ஹெபடைட்டிஸ் பி, எச்.பி.வி. ஆகிய இரண்டையும் தடுப்பூசியினால் வராமலே தடுக்கலாம். குணமாகக் கூடிய அந்த நான்கு நோய்கள் மட்டும் 2020-ஆம் ஆண்டில் உலகில் 37 கோடிக்கு மேற்பட்ட முறை புதிதாகத் தொற்றின என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நாள் ஒன்றுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் என்பது அதன் பொருள். ஆகவே, 'உலகில் எனக்கு மட்டுமா இப்படி?' என்று ஏங்குகிறவர், தாம் தனியர் அல்லர் என்று தேறலாம்.

சிபிலிஸ் நோயைச் சற்று விரிவாகச் சொன்னால் மற்றவற்றின் தன்மையும் விளங்கும். கிருமி தொற்றிய மூன்று வாரம் அளவில், தொற்றிய இடத்தில் ஒரு புண் தோன்றுகிறது. அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத புண்ணை யார் பொருட்படுத்துவார்? சில வாரங்களில் அது தானே ஆறியும் விடுகிறது. களிம்பு தடவியவர் களிம்பினால் ஆறியது என்றும், சூரணம் உண்டவர் சூரணத்தினால் ஆறியது என்றும் நம்பிவிடுகிறார். உண்மையில் நோய் ஆறவில்லை; உள்ளே சென்றிருக்கிறது. பின்னர் உடம்பிலும், சிலருக்கு உள்ளங்கை உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றி அவையும் மறைகின்றன. அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஓர் அடையாளமும் இல்லை. சிகிச்சை பெறாதவர்களுள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் அது தாக்குகிறது. கருவுற்ற தாய்க்கு இந்நோய் இருந்தால், குழந்தை கருவிலேயே இறக்கலாம். அல்லது நோயோடு பிறக்கலாம்.

இவ்வளவு கொடிய நோய்க்கு மருந்து எளியது. 1943-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனியும் அவருடைய உடன்பணியாளர்களும் நான்கு நோயாளிகளுக்குப் பெனிசிலின் மருந்தைக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். இன்றுவரை சிபிலிஸ் கிருமி பெனிசிலினுக்கு அடங்கியே நடக்கிறது. தொடக்க நிலையில் கண்டால், பெரும்பாலோர்க்கு ஒரே தடவை போடும் பென்சத்தைன் பெனிசிலின் ஊசியே போதும். தாய்க்குக் காலத்தில் அவ்வூசி போடப்பட்டால் குழந்தையும் பெரும்பாலும் தப்பிவிடும்.

வெட்டை என்று நம்மவர் சொல்வது பெரும்பாலும் கொனோரியாவைத்தான். ஆண்களுக்குச் சில நாட்களிலேயே சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும், சீழும் காணும். பெண்களில் பலருக்கோ ஒன்றும் தெரிவதில்லை. கிளமிடியா இதனினும் அமைதியானது; ஆண் பெண் இருபாலாரிலும் பலர் அதனை அறியாமலே சுமந்து திரிகிறார்கள். இவ்விரண்டும் கவனியாது விடப்பட்டால், பெண்ணின் கருக்குழாய்களில் அழற்சியை உண்டாக்கி அவற்றை அடைத்துவிடக் கூடும். பிள்ளைப் பேறு இல்லை என்று கோயில் கோயிலாகச் சுற்றும் பெண்களுள் சிலருக்கு உண்மைக் காரணம், என்றோ வந்து தெரியாமல் தங்கிவிட்ட இத்தகைய தொற்றாக இருக்கலாம். பழி மட்டும் அவள்மேல் விழுகிறது.

எச்.பி.வி. என்னும் வைரஸ் பெரும்பாலோரின் உடலிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது. நீங்காமல் தங்கிவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் கருப்பைவாய்ப் புற்றுநோயாக மாறக் கூடும். இத்தொடர்பை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சுர் ஹௌசனுக்கு 2008-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இதற்கான தடுப்பூசி, 9 முதல் 14 வயதுக்குள் இருக்கும் சிறுமியருக்குப் போடும்போது மிகுந்த பயன் தருகிறது. புனே நகரத்துச் சீரம் நிறுவனம் உருவாக்கிய தடுப்பூசிக்கு 2022-இல் இந்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. பெண் மக்களைப் பெற்றவர்கள் குழந்தை மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டறிதல் நன்று. 30 வயதைக் கடந்த பெண்கள், துன்பம் ஒன்றும் இல்லாவிட்டாலும், கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நாம் இதுவரை கூறியவற்றுள் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வந்திருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். பால்வினைத் தொற்றுகளில் பெரும்பான்மையானவை அடையாளம் காட்டுவதில்லை. இதனை நமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. 1986-ஆம் ஆண்டு, எய்ட்ஸ் என்பது மேல்நாட்டு நோய், அது நம் நாட்டுக்கு வராது என்று பலரும் எண்ணியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தைச் சோதிக்க முனைந்தார்கள். இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது அப்படித்தான். முகத்தைப் பார்த்து அதனை எவரும் சொல்லியிருக்க இயலாது, சோதனைதான் சொல்லிற்று. 'பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருக்கிறாரே' என்பது இந்நோய்களைப் பொறுத்தவரையில் ஒரு சான்றாகாது. பிறரைக் குறித்து மட்டுமன்று, நம்மைக் குறித்தும் அவ்வாறே.

இனி, நோயில்லாதவற்றை நோய் என்று அஞ்சும் பேதைமையையும் நீக்கிக்கொள்ள வேண்டும். உறக்கத்தில் விந்து வெளிப்படுதல் இளைஞர்களுக்கு இயற்கை. அது 'தாது நஷ்டம்' என்று கூறி அச்சுறுத்துவோர் பணத்தையே நாடுகிறார்கள். பெண்களுக்கு மாதத்தின் சில நாட்களில் நிறமும் நாற்றமும் இன்றி வெள்ளைப்படுதலும் இயற்கையே; நிறம் மாறினாலோ, துர்நாற்றமோ அரிப்போ அடிவயிற்று வலியோ கூடினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் அது பால்வினை நோயாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஒரே தட்டில் உண்பதாலோ, கை குலுக்குவதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. தொற்றாது. பொதுக் கழிப்பிடத்தைப் பயன்படுத்தியதால் வெட்டை வந்தது என்று சொல்வதும் பொருந்தாது.

அச்சத்தை வளர்த்து வாணிகம் செய்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் குணம் என்பார்கள். பொடியும் எண்ணெயும் பெருவிலைக்கு விற்பார்கள். புண் தானே ஆறும் இயல்புடையது என்று முன்னர்க் கூறினோம் அல்லவா? அவர்களுடைய புகழ் அந்த இயல்பின்மேல் நிற்கிறது. மருந்துக் கடையில் தாமே மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவதும் இதற்கு இளைத்ததன்று. கொனோரியாவின் கிருமி, முன்பு பயன்பட்ட பல மருந்துகளை இப்பொழுது எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. நண்பருக்குச் சென்ற ஆண்டு பயன்பட்ட மாத்திரை நமக்கு இவ்வாண்டு பயன்படும் என்று கொள்ளலாகாது.

அப்படியாயின் எங்கே செல்வது? மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், 'சுரக்ஷா கிளினிக்' என்னும் பெயரில் பால்வினை நோய்களுக்கென்று தனிப்பிரிவு நாடெங்கும் நடைபெறுகிறது. எச்.ஐ.வி. சோதனைக்கு ஐ.சி.டி.சி. என்னும் மையங்கள் உண்டு. தமிழ்நாட்டில் இவற்றையே நம்பிக்கை மையம் என்று அழைக்கிறோம். இங்கெல்லாம் ஆலோசனையும் சோதனையும் இலவசம். 1097 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் கட்டணமின்றி அழைத்து, அருகில் உள்ள மையம் எது என்று கேட்டறியலாம். பல இந்திய மொழிகளில் விடையளிக்கிறார்கள். பெயரைச் சொல்ல விரும்பாதவரும் அழைக்கலாம்.

மொழி தெரியாதவர்கள் சில சொற்களை மனத்தில் கொண்டாலே போதும். இந்தி வழங்கும் இடங்களில் 'யௌன் ரோக்' என்றால் மருத்துவருக்கு விளங்கும். சுவரில் கண்ட 'குப்த ரோக்' என்ற சொல்லும் விளங்கும். 'ஜலன்' என்றால் எரிச்சல். 'பேஷாப்' என்றால் சிறுநீர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 'சுகவியாதி' என்பார்கள். கர்நாடகத்தில் 'லைங்கிக ரோக' என்றும், கேரளத்தில் 'லைங்கிக ரோகம்' என்றும் சொல்வார்கள். மொழிபெயர்ப்பதற்காகப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை அழைத்துச் செல்வதும், வேலைக்கு அழைத்துவந்த மேஸ்திரியை உடன் வைத்துக்கொள்வதும் வேண்டா. பிள்ளையின் முன் தாய் வாய் திறக்க மாட்டாள்; மேஸ்திரியின் முன் தொழிலாளி உண்மை சொல்ல மாட்டார். குறையைத் தமிழில் எழுதி, நம்பிக்கையான நண்பர் ஒருவரைக் கொண்டு அவ்வூர் மொழியில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்ல வழி.

'சோதித்த செய்தி வெளியில் பரவிவிட்டால் வேலை போய்விடுமே, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே' என்று அஞ்சுவோர் உண்டு. எச்.ஐ.வி. குறித்த சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய உடன்பாடு இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யலாகாது, முடிவைப் பிறருக்கு வெளியிடலாகாது, அதன் பொருட்டு வேலையிலோ வீட்டிலோ வேறுபாடு காட்டலாகாது என்று அச்சட்டம் விதிக்கிறது. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் அதற்கான மருந்தும் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. வேலை நிமித்தம் ஊர் மாறுகிறவர், முன்னர் மருந்து பெற்ற மையத்தில் சொல்லி, புதிய ஊர் மையத்துக்குத் தம் பதிவை மாற்றிக்கொள்ளலாம். மருந்தை நாள் தவறாமல் உண்டு, கிருமி சோதனையில் தென்படாத அளவுக்கு இரத்தத்தில் குறைந்து அந்நிலையிலேயே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவினால் பிறருக்குத் தொற்றுவதில்லை என்பது ஆராய்ச்சியால் உறுதிப்பட்ட செய்தி.

சோதனையைப் பற்றி இரண்டு நுட்பங்களை அறிந்திருக்க வேண்டும். கிருமி தொற்றிய மறுநாளே சோதனை உண்மையைச் சொல்லிவிடாது. எச்.ஐ.வி. சோதனையில் முதலில் இல்லை என்று வந்தாலும், ஐயத்துக்கு இடமான நிகழ்ச்சி நடந்து மூன்று மாதம் கழித்து மறுமுறை சோதிப்பது பாதுகாப்பு. வன்முறைக்கு உள்ளானவர்களோ, வேறு வகையில் ஆபத்தான தொடர்பு நேர்ந்தவர்களோ, 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடைந்தால், எச்.ஐ.வி. பற்றாமல் காக்கும் மருந்தைத் தொடங்க முடியும். எவ்வளவு விரைவில் போகிறோமோ அவ்வளவு நல்லது.

மற்றொன்று கருவுற்ற பெண்களைப் பற்றியது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்து ஊருக்கு அழைத்துச் செல்வார்கள். சிபிலிஸ், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கான இரத்தச் சோதனைகளை அதுவரை தள்ளிப்போடுதல் கூடாது. கருவுற்றது தெரிந்தவுடனேயே, இருக்கும் ஊரிலேயே அவற்றைச் செய்துகொண்டு, சீட்டுகளை அட்டையோடு சேர்த்து ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டும். காலத்தில் அறிந்தால் குழந்தையைக் காக்கும் வழி உண்டு.

நோய் கண்ட பின் செய்யத் தக்கவை மூன்று. மருத்துவர் சொன்ன அளவை, அறிகுறி மறைந்த பின்னும் முழுமையாக உண்ண வேண்டும். கணவனுக்கு நோய் என்றால் மனைவியும், மனைவிக்கு என்றால் கணவனும் உடன் சென்று சோதித்து, வேண்டிய சிகிச்சையைப் பெற வேண்டும். சிகிச்சை முடிந்து மருத்துவர் இசையும் வரையில் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். இவற்றுள் இரண்டாவதே கடினம். ஒருவர் மட்டும் மருந்துண்டால், குணமான நோய் மற்றவரிடமிருந்து திரும்ப வருகிறது. மனைவியிடம் சொல்லக் கூசி, ஊருக்கு விடுமுறையில் போகும் கணவன், பெட்டியில் புடவையோடு நோயையும் கொண்டுபோகிறான். சொன்னால் வீட்டில் சில நாள் சச்சரவு நேரலாம்; சொல்லாவிட்டால் அவளுடைய உடல்நலமும், பிறக்கவிருக்கும் பிள்ளையும் பாழாகலாம். எப்படிச் சொல்வது என்று தெரியாதவர்கள் மையத்தில் உள்ள ஆலோசகரிடம் கேட்கலாம். இருவரையும் அமர்த்தி எடுத்துச் சொல்வது அவர்கள் பணிகளுள் ஒன்று.

வருமுன் காத்தலுக்கு வருவோம். நோயற்ற இருவர் ஒருவர்க்கொருவர் உண்மையாக இருந்தால் உடலுறவினால் இத்தொற்றுகள் வர வழியில்லை. அந்த உறுதி இல்லாத எந்தத் தொடர்பிலும் ஆணுறை இன்றியமையாதது. இந்திய அரசு 1968 முதல் 'நிரோத்' என்னும் பெயரில் அதனை நாடெங்கும் பரப்பி வருகிறது. ஒவ்வொரு முறையும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை அதனை அணிந்தால், எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றிலிருந்து மிகுந்த பாதுகாப்புக் கிடைக்கிறது. தோலின்மேல் தோன்றும் சிபிலிஸ் புண், ஹெர்பிஸ், எச்.பி.வி. ஆகியவற்றை அது ஓரளவே தடுக்கும். உறை மூடாத இடத்திலும் அவை இருக்கக் கூடும். உறையில் அச்சிட்ட காலவரையைப் பார்க்க வேண்டும். லாரியின் சூடான முன்தட்டிலும் பணப்பையிலும் நெடுநாள் வைத்திருந்ததைப் பயன்படுத்தலாகாது. ஒருமுறை பயன்படுத்தியதை மறுமுறை பயன்படுத்தலாகாது. நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் தேங்காய் எண்ணெயை அதன்மேல் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் இரப்பர் நைந்து கிழியும். நீரால் ஆன பசையே அதற்குத் தக்கது.

இளைஞர்களுக்கு இவற்றைச் சொன்னால் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சிலர் எண்ணுகிறார்கள். சொல்லாவிட்டாலும் அவர்கள் அறியத்தான் போகிறார்கள். சுவர் விளம்பரத்திலிருந்தும் விடலைகளின் பேச்சிலிருந்தும் அறிவார்கள். பெற்றவர்களும் மூத்தவர்களும் தெளிவாகச் சொன்னால் நல்ல முறையில் அறிவார்கள். அயலூருக்கு மகனை வேலைக்கு அனுப்பும் தந்தை, பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்வதைப் போலவே, உடம்பையும் பத்திரமாக வைத்துக்கொள், ஒன்று நேர்ந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் போ, எங்களிடம் சொல்ல அஞ்சாதே என்று சொல்லியனுப்பலாம். ஆங்காங்கே உள்ள தமிழ்ச் சங்கங்கள், பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதோடு, ஆண்டுக்கு ஒருமுறை தமிழ் அறிந்த மருத்துவர் ஒருவரை அழைத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே பேசச் செய்தால் பெரும்பயன் விளையும். அரசு மருத்துவமனையின் முகவரியும் 1097 என்னும் எண்ணும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி வைக்கப்படுமாயின், வெளியில் கேட்க முடியாத ஒருவர் அதனைப் பார்த்துக்கொண்டு போவார்.

பல்வலி வந்தால் பல் மருத்துவரிடம் போகிறோம். கண் மங்கினால் கண் மருத்துவரிடம் போகிறோம். இந்நோய்க்கும் அதே மனத்தோடு மருத்துவரிடம் போகலாம். ஐயம் உள்ளவர்கள் இந்த வாரத்திலேயே ஒரு நாளை ஒதுக்கி, அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று சோதித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். மணமானவர்கள் இருவருமாகச் செல்லுதல் மிக நன்று.